கோக்கி கேம் விளையாட வந்தவர்

இராஜகுமாரி யாரையும் லேசில் நம்பமாட்டாள். பால்காரர் பால் ஊற்றிவிட்டுப் போனதும் அதில் ஒரு விரலை முக்கிப் பார்ப்பாள். கோயிலில் ஐயர் கொடுத்த விபூதியைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவாள் என்று அவளுடைய தம்பி சிவஞானம் கேலி செய்வான். செய்துவிட்டுப் போகட்டும். அவளுக்கு அந்தப் புத்தி சும்மா வந்துவிடவில்லை.

எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் மாத்தளை டவுனில் தமிழர் கடைகள் எரிந்தபோது அவள் பள்ளிக்கூடம் போகிற சின்னப் பெண். அவளுடைய அப்பா ரேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தார். எரிக்க வந்தது வெளியூர்க் கூட்டம். எது தமிழன் கடை, எது இல்லை என்று அதற்கு எப்படித் தெரியும்? யாரோ கூடவே நடந்து வந்து கை காட்டியிருக்க வேண்டும். அந்தக் கை யாருடையது என்று அப்பாவுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் மனுஷன் சாகும்வரை வாயைத் திறக்கவில்லை. அவர் சொல்லாமல் போனதால் ஊரில் உள்ள எல்லார் கையும் மகள் கண்ணுக்கு அந்தக் கையாகவே தெரிந்தது. கடையில் காசு நீட்டுகிறவர்களின் கையைக்கூட அவள் ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள்.

இப்படிப்பட்டவள்தான் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் கேம் கடை நடத்தினாள். முதலில் அது வீடியோ கேசட் வாடகைக்குக் கொடுக்கிற கடை. கேசட்டை யாரும் சீந்தாத காலம் வந்தது. கத்தாரில் வேலை பார்த்த அவள் கணவர் லீவில் வந்தபோது ஒரு பிளேஸ்டேஷனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்த லீவில் இன்னொன்று. கேசட் அடுக்கிய தட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் டி.வி.க்களையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் வைத்தார்கள். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்துகூடப் பையன்கள் பஸ் ஏறி வர ஆரம்பித்தார்கள்.

டவுனில் வேறு கேம் கடையே இல்லையா என்றால், இருந்தன. அங்கெல்லாம் சிடி கண்டபடி இருக்கும். ஸெய்னுலாப்தீன் என்கிற வியாபாரி கொழும்பிலிருந்து கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார். உறையில் இருக்கிற படத்தைப் பார்த்து மயங்கி மற்றக் கடைக்காரர்கள் அள்ளிக்கொள்வார்கள். இராஜகுமாரியோ காலையில் கடை வெறிச்சோடிக் கிடக்கும்போது, முழுகின தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சிடியையும் தானே கடைசிவரை விளையாடிப் பார்ப்பாள். அவளுடைய சந்தேகக் குணத்தால் ஊருக்கு ஒரு நன்மை விளைந்தது என்றால் அது இதுதான்.

கார் ஓட்டுகிற கேம், பந்தடிக்கிற கேம் எல்லாம் எதை வாங்கினாலும் ஒன்றுதான் என்பாள். துவக்கு தூக்கிச் சுடுகிற கேமை வாசற்படி மிதிக்க விடமாட்டாள். அந்தச் சத்தம் ரோட்டுக்குக் கேட்டால் யார் வந்து நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சோதிப்பது குதிக்கிற கேம்களைத்தான். ஒரு பொம்மை இருக்கும். அதைச் சுற்றி மேலும் கீழும் நாலா பக்கமும் விரிந்து கிடக்கும் ஓர் உலகம் இருக்கும். ஓடி, குதித்து, விளிம்பில் தொங்கி, ஏறிப் போக வேண்டும். இந்த வகையில்தான் ஏமாற்று வேலை அதிகம் என்பது அவள் கட்சி.

விழுகிற பையன் யாரைத் திட்டுகிறான் என்று பார்த்தே அவள் கேமை எடை போட்டுவிடுவாள். நல்ல கேமில் விழுந்தவன் தன் தலையில் தானே தட்டிக்கொண்டு மறுபடியும் குதிப்பான். மோசமான கேமில் விழுந்தவன் கையிலிருக்கும் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அதைத் திட்டுவான். தன் பிழையால் விழுந்தவன் திரும்ப வருவான், ஏமாற்றி விழுத்தப்பட்டவன் வரமாட்டான்.

அவள் கடையில் ராஜா மாதிரி ஓடியது கீரி கேம். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு கீரிப்பிள்ளை. பொத்தானை அழுத்தின கணமே குதிக்கும், அழுத்திப் பிடித்தால் கொஞ்சம் கூடுதலாக அந்தரத்தில் நிற்கும். அந்தரத்தில் இருக்கும்போது அதன் காலுக்கு நேர்கீழே வட்டமாக ஒரு நிழல் விழும். அந்த நிழல் எங்கேயோ அங்கேதான் கால் பதியும். அந்த நிழல் இல்லாவிட்டால் ஆழம் தெரியாமல் குத்துமதிப்பாகக் குதிக்க வேண்டியதுதான். தூரத்தில் ஒரு கோபுரம் தெரிந்தால், எவ்வளவு நேரம் போனாலும் அதன் உச்சிக்கு ஒரு வழி இருக்கும். ஏறிப் போனவனுக்காக அங்கே ஏதாவது காத்துக்கொண்டிருக்கும். விழுந்தால் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே எழுந்து நிற்கலாம்.

அதே கட்டில் வந்த இன்னொன்று கோக்கி கேம். உயரமான வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு சமையல்காரன் ஓர் அரண்மனை முழுக்க அலைந்து கரண்டி பொறுக்க வேண்டும். கரண்டி, கரண்டி, இன்னும் கரண்டி. பொறுக்கி என்ன கண்டது? இன்னொரு மண்டபத்துக் கதவு திறக்கும், அங்கேயும் கரண்டி. பொத்தானை அழுத்தினால் யோசித்துவிட்டுத்தான் குதிப்பான். மூலைக்குப் போனால் கேமரா சுவருக்குள் புகுந்துகொள்ளும், கோக்கியின் முதுகுகூடத் தெரியாது. விழுந்தால் மண்டபத்தின் முதல் வாசலிலிருந்து மறுபடி நடக்க வேண்டும். பையன்கள் இரண்டாவது மண்டபத்தைத் தாண்டுவதற்குள் ஓடிவிடுவார்கள். கையால் தொட்ட பாவத்துக்கு இராஜகுமாரி மட்டும் அதைக் கடைசிவரை விளையாடி முடித்து, சிடியைத் தட்டின் அடியில் சொருகி வைத்தாள்.

இனி அவள் மடியில் கட்டிக்கொண்டிருந்த நெருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது சிவஞானம்தான். யுத்தம் மறுபடி மூண்டிருந்த இரண்டாயிரத்து ஆறில், கொழும்பிலிருந்து வரும் வழியில், செக்பொயின்டில் பஸ்ஸை நிறுத்தி அவனை இறக்கிக்கொண்டு போனார்கள். வாரக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். ஒன்றும் இல்லாமலா திரும்பி வந்தான்? ரோட்டில் ஒரு வாகனம் பிரேக் போட்டால் எழுந்து உள்ளே போய்விடுவான். ஒரு தரம் பெயர் ஏறிவிட்டால் மறுதரம் கூப்பிட அவர்களுக்குக் காரணம் தேவையில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். தம்பியைப் பொலிஸ் கண்ணில் படாமல் வைத்திருப்பது ஒன்றுதான் அவளுக்கு அப்போது வேலை. கடை, வியாபாரம் எல்லாம் அதற்குப் பிறகு.

இந்த நிலைமையில்தான் இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டின் மழைக்காலத்தில் தியாகராஜா வந்து சேர்ந்தார்.

ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கையில் குடை, பொக்கெட்டில் பேனா. வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்த அரசாங்க உத்தியோகத்தர், அலுவிகாரையில் ஒரு வீட்டில் அறை எடுத்திருக்கிறார் என்பதெல்லாம் யாரும் கேட்காமலே அவராகச் சொன்னவை. பேச்சு அசல் யாழ்ப்பாணம். ஆபீஸ் விட்டதும் நேராகக் கடைக்கு வந்து, பையன்களோடு பையனாக உட்கார்ந்து, குதிக்கிற கேம் ஒன்று போடுங்கோ தங்கச்சி என்று கேட்டார். இராஜகுமாரி அவர் கையை ஒரு தரம் கூடுதலாக உற்றுப் பார்த்தாள். பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் ஒரு மனுஷனுக்குக் கீரிப்பிள்ளையோடு என்ன வேலை?

அவரைக் கவனிக்கக் கவனிக்கச் சந்தேகம் வளர்ந்தது. எத்தனை நாற்காலி காலியாக இருந்தாலும் அவர் உட்காருவது ரோட்டைப் பார்த்த கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் கடைசி நாற்காலியில்தான். விளையாடுகிறவன் எவனாவது ரோட்டு வெளிச்சம் அடித்து டி.வி. மங்குகிற இடத்தில் உட்காருவானா? ரோட்டைக் கண்காணிக்கிறவன்தான் உட்காருவான். சந்தில் இருக்கிற எல்லாரையும் பெயர் கேட்டுத் தெரிந்துகொண்டார். வாழைப்பழம் விற்கிற பேச்சியம்மாவிடம் நின்று கதைப்பார். சந்து முனையில் ஆட்டோ நிறுத்துகிற யஹ்யாவிடம் சுகம் விசாரிப்பார். ஒருவர் விடாமல் பெயர் சேர்க்கிறார் என்று இராஜகுமாரி கணக்குப் போட்டாள். இருட்டுகிற நேரத்தில் எழுந்து போகும்போது, இப்ப நேரே அறைக்குத்தான், அலுவிகாரை பஸ்ஸில் போறன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போவார். போகிற இடத்தை வலியச் சொல்கிறவன் அங்கே போகமாட்டான் என்பது அவள் தீர்மானம்.

யஹ்யா நானாவிடம் அவள் இதைச் சொன்னாள். அவருக்கும் அதே நினைப்புத்தான். உளவு பார்க்க வருகிற சீஐடிக்காரன் தமிழனாகவும் இருப்பான், யாழ்ப்பாணத்தானாகவும் இருப்பான், அப்படி ஓர் ஆளைத்தான் தேடிப் பிடித்து அனுப்புவான்கள் என்றார் அவர். சிவஞானம் மட்டும், பாவம் அக்கா, அந்த மனுஷன் ஒழுங்காத்தான் விளையாடுறாரு என்றான். ஒழுங்காக விளையாடுகிறாராம். இவனைப் பார்க்கத்தான் அந்த ஆள் வருகிறார் என்று அவள் உள்ளுக்குள் துடித்துக்கொண்டிருக்கிறாள், இவன் அவருக்குத் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுக்கிறான்!

வராதே என்று முகத்துக்கு நேரே சொல்லவும் வழியில்லை. உண்மையிலேயே அவர்களுடைய ஆளாக இருந்தால் அதுவே வினையாகிவிடும். அவராகச் சலித்துப்போய் விலக வேண்டும். என்ன செய்யலாம் என்று யோசித்தவளுக்குத் தட்டின் அடியில் சொருகி வைத்த சிடி ஞாபகம் வந்தது.

மறுநாள் அவர் வந்ததும் கீரி சிடி கீறல் விழுந்துவிட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லி, கோக்கியைப் போட்டுக் கொடுத்தாள். கல்லாவில் உட்கார்ந்து ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். கோக்கி முதல் படியிலேயே தாமதமாகக் குதித்து விழுந்தான். தியாகராஜா ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தார். கேமரா சுவருக்குள் போனது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். சரிதான், ஆள் நாளைக்கு வரமாட்டார் என்று அவளுக்கு நிம்மதியாகிவிட்டது.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். கோக்கியைப் போடுங்கோ என்று தானாகவே கேட்டார். பக்கத்து நாற்காலியில் பையன்கள் கீரியை ஓட விட்டுச் சிரித்துக் கும்மாளம் போடுகையில் அவர் கரண்டி பொறுக்கிக்கொண்டிருப்பார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அடிக்கடி கண்ணை டி.வி.யிலிருந்து எடுத்து ரோட்டில் போகிறவர்களைப் பார்ப்பார், யாராவது திரும்பிப் பார்த்தால் தலையசைப்பார். இராஜகுமாரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவ்வளவு கேவலமான ஒரு கேமை ஒரு மனுஷன் ஆசைப்பட்டு விளையாட முடியாது. அப்படியானால் அவர் கேம் விளையாட வரவில்லை. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய பையன்களெல்லாம் போய், கடையில் அவர் மட்டும் மிஞ்சினார். குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்து கல்லாவுக்கு முன்னால் நின்றார். பேசலாமா வேண்டாமா என்று யோசிப்பது போலக் குடைப்பிடியைத் தடவினார்.

"தங்கச்சி, ஒரு நாளைக்கு நான் வராட்டில், ஏன் வரேல்லை எண்டு ஆரிட்டையும் கேப்பியளோ?"

இராஜகுமாரி உஷாரானாள். அவளுக்கு யார் யாரைத் தெரியும், யாரிடம் போய் நிற்பாள் என்று ஆழம் பார்க்கிறார். வாயைப் பிடுங்கிப் பார்க்கிற வேலை அவளிடமா நடக்கும்?

"வர்றவங்க வருவாங்க, போறவங்க போவாங்க. அதெல்லாம் கடைக்காரி கேக்குற விஷயமாங்க?" என்றாள்.

"அதுவும் சரிதான்" என்றார் அவர். பிறகு வழக்கம்போல, இப்ப நேரே அறைக்குத்தான் என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகும் சில நாள் வந்தார். பிறகு ஒரு சாயந்தரம் கடைசி நாற்காலி காலியாகக் கிடந்தது.

இராஜகுமாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோக்கி ஜெயித்துவிட்டான். என்னதான் பொறுமைசாலியாக இருந்தாலும் எத்தனை நாளைக்குத்தான் கரண்டி பொறுக்குவார் என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். மறுநாளும் அவர் வராதபோது சிவஞானம், அந்த ஐயாவைக் காணோமே அக்கா, ஆபீஸ் பக்கம் போய்க் கேட்டுப் பார்க்கவா என்றான். விட்டது சனியன், நீ போய் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வராதே என்று அவள் எரிந்து விழுந்தாள். அன்றைக்கே கடைசி நாற்காலியைத் தூக்கி உள்ளே போட்டு, சிடியையும் பழையபடி தட்டின் அடியில் சொருகினாள். இரவு நல்ல தூக்கம்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் யஹ்யா ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கடைக்குள் வந்தார். வழக்கமாக வாசலில் நின்றே பேசுகிற மனுஷன் உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"புள்ள, நாங்க நெனச்ச மாதிரி இல்ல. அந்த ஐயாவ பொலிசில புடிச்சு வெச்சீக்கிறாங்க."

அலுவிகாரையில் சுற்றிவளைப்பு நடந்திருக்கிறது. அறையில் தனியாக இருந்தவரைக் கூட்டிப் போய்விட்டார்கள். அறை கொடுத்த மகேந்திரராஜா இன்றைக்கு யஹ்யாவின் ஆட்டோவில்தான் பொலிசுக்குப் போய் வந்தார். வாடகைக்கு இருக்கிறார் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஆபீஸில் கேட்டதற்கு, வேலை முடிந்து அவர் எங்கே போகிறார் என்று எங்களுக்குத் தெரியாது என்று கைகழுவிவிட்டார்கள். பொலிசுக்கு வேண்டியதும் அந்தச் சாயந்தர நேரம்தான். எங்கே போனாய், யாரைச் சந்தித்தாய் என்று கேட்டதற்கு அவர், டவுனில் ஒரு கடையில் கேம் விளையாடினேன் என்றாராம். என்ன கேம் என்றதற்கு, ஒரு சமையல்காரன் கரண்டி பொறுக்குகிற கேம் என்றாராம். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அடித்தார்களாம். பொய் சொன்னாலும் பொருத்தமாகச் சொல்லத் தெரியவில்லை என்று அடித்தார்களாம்.

இராஜகுமாரி கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழைநாளில் அவர் கேட்ட கேள்வி அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ரோட்டோரக் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது ரோட்டைப் பார்க்க அல்ல, ரோட்டில் போகிறவர்கள் தன்னைப் பார்க்க. பெயர் கேட்டுக் கேட்டுப் பழகியது, நாலு பேருக்குத் தன் பெயர் தெரியட்டும் என்று. போகிற இடத்தைச் சொல்லிவிட்டுப் போனது, போய்ச் சேராவிட்டால் யாராவது தேடட்டும் என்று. சொந்தபந்தம் இல்லாத ஊரில், மனுஷரை வேனில் அள்ளிப் போகிற காலத்தில், தன்னைக் காணவில்லை என்று சொல்ல ஓர் ஆளை அவர் தேடியிருக்கிறார். தேடிப் பிடித்த ஆள் நாற்காலியைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். பாவி, பாவி என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

அப்போதும் அவள் புத்தி ஒரு பக்கம் சும்மா இருக்கவில்லை. இதுவே ஒரு பொறியாக இருந்தால்? யஹ்யாவை யாராவது சொல்லி அனுப்பியிருந்தால்? போய் நின்றால் கடையில் யார் யார் என்று கேட்பார்கள், சிவஞானத்தின் பெயரைச் சொல்ல வேண்டி வரும். இத்தனை நாள் ஒளித்து வைத்த பெயரைத் தன் வாயாலேயே கொண்டுபோய்க் கொடுப்பதா? போகாதே புள்ள, அவனுகள் பாடு அவனுகளுக்கு என்றுதான் யஹ்யாவும் சொன்னார்.

சிவஞானம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ரிமோட் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"நீ போனா என் பேரையும் கேப்பாங்க அக்கா" என்றான்.

அவன் வயரைக் கீழே வைத்தான்.

"அன்னைக்கு பஸ்ல என் பக்கத்து சீட்ல நம்ம சந்துக்காரர் ஒருத்தர் இருந்தாரு. என்னைய எறக்கும்போது, இந்தப் பையன எனக்குத் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு."

யார் அது என்று அவள் பாய்ந்து கேட்டாள். அவனும் அப்பா மாதிரியே, சொல்லமாட்டேன் என்று தலையை ஆட்டினான். அது எதுக்கு இப்ப, நீ போயிட்டு வா என்றான்.

இராஜகுமாரி நல்ல சேலையாக ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டு யஹ்யாவின் ஆட்டோவில் ஏறினாள். யஹ்யா வழி நெடுக வாயைத் திறக்கவில்லை.

பொலிஸ் நிலையத்தில் அவளை ஒரு சார்ஜனுக்கு முன்னால் நிறுத்தினார்கள். பேச்சு சிங்களத்தில் நடந்தது. அவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு சொல்லாகத் தேட வேண்டியிருந்தது. தியாகராஜா என்பவர் தன் கடைக்கு ஆபீஸ் விட்டதும் வருவார், இருட்டும்வரை இருப்பார், வேறெங்கும் போகமாட்டார் என்று ஒருவாறு சொல்லி முடித்தாள். சார்ஜன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஐம்பது வயது ஆள், சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற விளையாட்டு, இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு சொல்கிறீர்களா என்று கேட்டார். பிறகு என்ன தோன்றியதோ, அந்த விளையாட்டில் மூன்றாவது மண்டபத்தில் என்ன இருக்கிறது சொல் பார்ப்போம் என்றார். அதை அந்த ஆளிடமும் கேட்டு வைத்திருக்கிறார் என்று அவளுக்கு விளங்கியது.

ஒரு கிணறு என்றாள். அடி தெரியாது, காலுக்குக் கீழே நிழல் விழாது, எங்கே பதியும் என்று தெரியாமலே குதிக்க வேண்டும். கேமரா சுவருக்குள் போய்விடும். கிணற்றுக்கு அப்பால் என்ன என்று சார்ஜன் கேட்டார். அவள் ஒரு கணம் திகைத்துப் போனாள். அந்தக் கிணற்றைத் தாண்டின பையன் மாத்தளையில் ஒருத்தனும் இல்லை. தாண்டினது அவள் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள். கிணற்றுக்கு அப்பால் ஒரு குசினி, அதில் சுற்றிவரக் கதவுகள், எல்லாம் சுவரில் வரைந்த கதவுகள், ஒன்றும் திறக்காது, அடுப்புக்கு மேலே இருக்கிற புகைக்கூண்டு வழியாகத்தான் ஏறிப் போக வேண்டும் என்றாள். சார்ஜன் பக்கத்தில் நின்ற கொன்ஸ்டபிளைப் பார்த்தார். அந்த ஆளும் இதையேதான் சொன்னான் என்பது போலக் கொன்ஸ்டபிள் தலையை ஆட்டினான்.

"இவ்வளவு கேடுகெட்ட விளையாட்டை ஏன் அந்த ஆளுக்குக் கொடுத்தாய்?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "நான் அவரை உங்கள் ஆள் என்று நினைத்தேன், மாத்தயா. வெறுத்துப்போய் வராமல் விடட்டும் என்று கொடுத்தேன்" என்றாள்.

சார்ஜனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கொன்ஸ்டபிளும் சேர்ந்து சிரித்தான். நாங்கள் இவனைப் புலி என்று பிடித்து வைத்திருக்கிறோம், இவள் எங்கள் ஆள் என்று விரட்டியிருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இராஜகுமாரி சிரிக்கவில்லை. சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்.

"சரி, அப்படி விரட்டியும் அவன் ஏன் வந்துகொண்டே இருந்தான்?"

அவள் இத்தனை நாள் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி. அதைக் காக்கிச் சட்டை போட்டவர் வாயிலிருந்து கேட்டபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஒருநாள் வராவிட்டால் கேட்பாயா என்று என்னிடம் கேட்டார், மாத்தயா. அதற்காகத்தான் வந்தார். அதைக் கேட்கத்தான் நான் வந்திருக்கிறேன்."

சார்ஜன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.  பிறகு, பார்ப்போம், போ என்றார். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டு, கடையில் இன்னும் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். தம்பி இருக்கிறான், சிவஞானம் என்று சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த வாரம் கடை நரகமாக இருந்தது. சந்தில் எந்த வாகனம் நின்றாலும் அவள் எழுந்து வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் அந்தக் கொன்ஸ்டபிள் சிவில் உடுப்பில் வந்தான். சிவஞானத்தை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு கோக்கி எங்கே என்று கேட்டு, உட்கார்ந்து, முதல் மண்டபத்திலேயே விழுந்து விழுந்து எழும்பி, ரிமோட்டைத் திட்டிவிட்டு எழுந்து போனான். ஏன் வந்தான், சும்மா வந்தானா, சோதிக்க வந்தானா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அவன் வந்து போன மறுநாள் சாயந்தரம் தியாகராஜா வந்தார். சட்டை இஸ்திரி போட்டதுதான். உதடு வெடித்திருந்தது, வலது கை விரல்கள் வீங்கியிருந்தன. உள்ளே வராமல் வாசலில் நின்றார். பையன்கள் பேச்சை நிறுத்தினார்கள். சிவஞானம் உள்ளே போய்க் கடைசி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் போட்டு, தன் சாரத்து நுனியால் துடைத்துவிட்டான். அவர் உட்கார்ந்தார். வந்து கதைச்சனீங்களாம் தங்கச்சி, சொன்னாங்கள் என்றார். அவள் கீரி சிடியைப் போட்டு ரிமோட்டைக் கையில் கொடுத்தாள்.

வீங்கிய விரலால் அவருக்குச் சரியாக அழுத்த வரவில்லை. முதல் பாலத்திலேயே கீரி நிழலைத் தவறவிட்டுக் கீழே போனது. ரிமோட்டைத் திருப்பிப் பார்க்காமல், என்ரை பிழை என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். உதடு வலித்திருக்க வேண்டும், நிறுத்திக்கொண்டார். இராஜகுமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிடிகளை அடுக்குவது போல நின்றாள்.

இருட்டுகிற நேரத்தில் அவர் குடையை எடுத்தார். இப்ப நேரே அறைக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தார்.

"எந்த பஸ்ஸுங்க ஐயா?" என்று அவள் முந்திக்கொண்டு கேட்டாள். அவர் பஸ்ஸைச் சொன்னதும் அவளே தொடர்ந்தாள். "நாளைக்கு ஆபீஸ் விட்டு நீங்க வரலைன்னா, நான் அங்க வந்து நிப்பேன். பொலிசா இருந்தாலும் சரி, வேற எங்கயா இருந்தாலும் சரி. கேப்பேன்."

அவர் குடைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். அவர் பேச்சியம்மாவிடம் தலையசைத்து, யஹ்யாவைத் தாண்டி, பஸ் நிலையத்துப் பக்கம் திரும்புகிறவரை இராஜகுமாரி வாசலில் நின்று பார்த்தாள். சந்து முனையில் முன்பின் தெரியாத ஒருத்தன் சிகரெட் பற்றவைத்தபடி அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் படியை விட்டு இறங்கி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு வேறு பக்கம் நடந்தான்.